மண்கூடை சுமந்தோர்: சுமேரியத் தெய்வங்களும் விண்வெளி மாந்தர் கோட்பாடும்

1976 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் சுமேரியத் தெய்வங்களைப் பற்றி இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று தோர்க்கில் யாக்கொப்சன் எழுதிய 'இருளின் கருவூலங்கள்'. களிமண் ஏடுகளோடு தம் வாழ்நாளைக் கழித்த ஓர் அறிஞரின் முதிர்ந்த விளைவு அது. மற்றையது செக்கரியா சிற்சின் எழுதிய 'பன்னிரண்டாவது கிரகம்'. முன்னையதைத் துறைசார்ந்தோரும் சமய வரலாற்று மாணவரும் கற்றனர். பின்னையது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவிற்று. இன்று சுமேரியர் என்ற பெயரைக் கேட்டதும் பொதுவாசகர் பலருக்கு நினைவில் எழுவது வேற்றுக் கிரகத்திலிருந்து வந்திறங்கிய 'அனுன்னாக்கி'களின் கதையே.

இத்தகைய நூல்களைக் கற்றோர் பொருட்படுத்தல் வேண்டுமா எனக் கேட்போர் உளர். வேண்டும் என்பதே எமது கருத்து. 2016 ஆம் ஆண்டில் ஈராக்கின் தென்பகுதியில், பண்டைய ஊர் நகரின் இடிபாடுகளுக்கு அண்மையிலுள்ள நசிரியாவில், புதிய விமான நிலையம் ஒன்று அமைப்பது பற்றிச் செய்தியாளரிடம் பேசிய அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சர், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சுமேரியர் அப்பகுதியில் விமானத்தளம் அமைத்து விண்கலங்களைச் செலுத்தினர் என்று கூறினார். சுமேரிய மண்ணில் நின்றுகொண்டே சுமேரியரின் உண்மையான சாதனைகளைக் காணாதுவிடும் நிலை இது. அம்மண்ணைப் பண்படுத்தியோர் யாவர் என்ற வினா இங்கு எழுகின்றது. அதற்கு அளிக்கப்படும் விடை வெறும் வேடிக்கைக்குரிய விடயமாகாது.

இக்கோட்பாடு சிற்சினோடு தொடங்கியதன்று. 1966 இல் சோவியத் வானியலாளர் சிக்லொவ்ஸ்கியும் அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனும் இணைந்து வெளியிட்ட பிரபஞ்ச உயிர்கள் பற்றிய நூலில், பிற உலகத்தோர் முற்காலத்தில் இங்கு வந்திருப்பின் அதற்கான தடயம் பழங்கதைகளில் எஞ்சியிருக்கக் கூடுமா என்ற வினா எழுப்பப்பட்டது. எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டது ஓவானெஸ் கதை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரோசஸ் என்னும் பாபிலோனியப் பூசகர் தம் நாட்டு வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். அந்நூல் அழிந்துவிட்டது, பிறர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சின. அவற்றின்படி மீனுடலும் மனிதத் தலையுங் கொண்ட ஓவானெஸ் கடலினின்று எழுந்து வந்து, எழுத்தையும் கணக்கையும் நகரமைக்கும் வகையையும் மக்களுக்குக் கற்பித்து, மாலையில் மீண்டும் கடலுள் மறைவான். சேகன் இதனை ஆராயத்தக்க ஒரு வாய்ப்பாக மட்டுமே குறிப்பிட்டார். பின்னர் இத்துறையில் மலிந்த நூல்களைக் கண்டு, சான்று போதாது எனக் கண்டித்தவரும் அவரே. இடையில் 1968 இல் எரிக் வொன் டனிக்கனின் நூல் யேர்மன் மொழியில் வெளிவந்து, வினாவை முடிந்த முடிபாக்கிவிட்டது. ஓவானெசும் கடலினின்றே வந்தான் என்பது ஒருபுறமிருக்க, ஆப்பெழுத்து ஏடுகளிலே அவன் என்கி தெய்வத்தின் ஏவலால் வந்த ஏழு முனிவருள் முதல்வனாகக் காணப்படுகின்றான். என்கி நன்னீரின் தெய்வம். நீரால் வாழ்ந்த சதுப்புநில மக்கள் அறிவும் நீரினின்றே வந்ததாக எண்ணியதில் வியப்பில்லை.

சிற்சினின் கதை இதனினும் விரிவானது. நிபிரு என்னும் கிரகம் 3,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றி வருகின்றது. அதில் வாழ்ந்த அனுன்னாக்கிகள் ஏறத்தாழ நாலரை இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பொன் தேடிப் புவிக்கு வந்தனர். தென் ஆபிரிக்கப் பகுதியிற் சுரங்கம் தோண்டினர். தோண்டிக் களைத்தோர் கிளர்ந்தெழவே, புவியிலிருந்த குரங்குமாந்தரோடு தம் மரபணுவைக் கலந்து, அடிமைத் தொழிலாளியாக மனிதனைப் படைத்தனர் என்பது அதன் சாரம். இவையெல்லாம் தமது கற்பனையல்ல, சுமேரியரே தம் ஏடுகளில் எழுதிவைத்தவை என்பது சிற்சினின் வாதம். ஆகவே அவ்வேடுகளிடமே நாம் செல்லவேண்டியவராகின்றோம்.

சிற்சின் இலண்டனிற் பொருளியல் கற்றவர். மொழியியற் பயிற்சியுடையவரல்லர் என்று கூறி அவரை ஒதுக்குவது முறையாகாது. ஆப்பெழுத்தை வாசித்தறிந்த முன்னோடிகளுட் பலர் அத்துறையிற் பட்டம் பெற்றோரல்லர். றோலின்சன் படையதிகாரி, ஹிங்ஸ் அயர்லாந்தின் கிராமப்புறப் பாதிரியார், பிரளயக் கதை பொறித்த ஏட்டை 1872 இல் அடையாளங்கண்ட ஜோர்ஜ் சிமித், இளமையில் வங்கித்தாள்களுக்கு அச்சுத்தகடு செதுக்கும் தொழில் பயின்றவர், மதிய உணவு வேளையில் பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்று தாமே கற்றவர். இவர்கள் பரிசோதனைக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டமைதான் வேறுபாடு. 1857 இல், புதிதாகக் கிடைத்த அசீரியக் கல்வெட்டு ஒன்றை றோலின்சன், ஹிங்ஸ், தல்பொட், ஒப்பேர் என்னும் நால்வரும் தனித்தனியே மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறைகளில் இலண்டனிலுள்ள அரச ஆசியக் கழகத்திற்கு அனுப்பினர். உறைகள் ஒருங்கே திறக்கப்பட்டபோது நான்கும் முக்கிய இடங்களில் ஒத்திருந்தன. அன்று தொட்டு ஆப்பெழுத்து வாசிப்பு, எவரும் சரிபார்க்கக்கூடிய ஓர் அறிவுத்துறையாயிற்று. சிற்சினின் பொருள்கோளை அவ்வாறு சரிபார்க்க இயலாது. அவர் காணும் பொருளை வேறெவரும் சுயேச்சையாகக் கண்டிலர்.

சில எடுத்துக்காட்டுக்கள் போதும். 'அனுன்னா' என்னும் சுமேரியத் தொடருக்கு உயர்குடி வித்து, பெருமகன் வழித்தோன்றல் என்பது பொருள். 'விண்ணினின்று மண்ணுக்கு வந்தோர்' என்னும் பொருள் அதனுள் இல்லை. நிபிரு என்பது 'கடத்தல்' என்னும் பொருளுடைய அக்காடிய வினையடியிற் பிறந்த சொல். கடவை, துறை என்பன அதன் பொருள். வானியல் ஏடுகளில் அது மார்டுக் தெய்வத்தோடு தொடர்புறுத்தப்பட்டு, பெரும்பாலும் வியாழனைக் குறித்து நிற்கின்றது. பாபிலோனிய வானியலார் கதிரவனும் திங்களும் நீங்கலாக ஐந்து கோள்களையே அறிந்திருந்தனர். பேர்லின் நூதனசாலையில் 243 என இலக்கமிடப்பட்ட உருளை முத்திரையில் ஒரு விண்மீனைச் சூழப் பதினொரு புள்ளிகள் உள்ளன. இதுவே கதிரவ மண்டல வரைபடம் என்றார் சிற்சின். அதன் மீதுள்ள எழுத்தோ இரண்டு ஆட்பெயர்களையும் பணியாள் என்னும் சொல்லையும் தவிர வேறெதுவும் கூறவில்லை. கெப்ளரின் மூன்றாம் விதியைக்கொண்டு கணக்கிட்டால், 3,600 ஆண்டுச் சுற்றுடைய கோள் ஒன்றின் சராசரித் தூரம் புவிக்கும் கதிரவனுக்கும் இடையிலுள்ள தூரத்தின் ஏறத்தாழ 235 மடங்காகும். ஒளியும் வெப்பமும் எட்டாத அவ்விருளில் தன் காலத்தின் மிகப் பெரும்பகுதியைக் கழிக்கும் கோளிலேதான் இந்நாகரிகம் வளர்ந்ததென்று நாம் நம்பவேண்டும்.

மரபணுச் சான்றும் இவ்வாறே. 2001 இல் மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவு வெளியானபோது, 223 வரையிலான மரபணுக்கள் நுண்ணுயிர்களிடமிருந்து நேரடியாக வந்திருக்கலாம் என்ற கருத்து அதில் இடம்பெற்றிருந்தது. சிற்சின் உடனே அதனை அனுன்னாக்கிகளின் கைவண்ணமாகக் காட்டினார். சில மாதங்களுள்ளேயே, ஒப்பிடப்பட்ட உயிரினங்கள் மிகச் சிலவாயிருந்தமையால் விளைந்த மயக்கமே அவ்வெண்ணிக்கை என்று வேறு ஆய்வாளர் காட்டினர். அறிவியல் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. சிற்சினின் வாசகர் மத்தியில் பழைய எண்ணே நிலைத்துவிட்டது.

இங்கு ஒரு விலகலுக்கு இடமுண்டு. சுமேரியம் எமக்கு முற்றிலும் அயலான பேசுபொருளன்று. எமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறையைச் சார்ந்த பேராசிரியர் ஆ. சதாசிவம் 1965 இல் சுமேரியம் ஒரு திராவிட மொழி என நிறுவ முயன்றார். மொழியியலாளரிற் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். சுமேரியம் உறவறியா மொழி என்பதே பொதுவான முடிபு. எமக்கும் அம்முடிபே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஆயினும் சதாசிவம் சொற்களையும் உருபுகளையும் பட்டியலிட்டு, பிறர் மறுக்கக்கூடிய வகையில் தம் கருத்தை முன்வைத்தார். மறுக்கக்கூடியதாக இருத்தல் ஆய்வின் இலக்கணம். தொன்மைமீது கொண்ட பற்றினால் ஏடுகளை வளைக்கும் ஆசை எமக்கும் உண்டு என்பதை மறைத்துவிட்டு, பிறரை மட்டும் நகைத்தல் தகாது.

இனி, சிற்சின் தம் கதைக்கு அடித்தளமாகக் கொண்ட 'அத்ராகாசிஸ்' காவியத்தை நோக்குவோம். கி.மு. பதினேழாம் நூற்றாண்டில், பாபிலோனிய வேந்தன் அம்மி-சதுக்காவின் காலத்தில், எழுத்தர் ஒருவர் மூன்று ஏடுகளில் படியெடுத்த பிரதியே எமக்குக் கிடைத்தவற்றுள் முதன்மையானது. மொத்தம் 1,245 அடிகள். மொழி அக்காடியம். 1876 இல் ஜோர்ஜ் சிமித் இதன் துணுக்குகளை வெளியிட்டாரெனினும், ஏடுகளின் ஒழுங்கு தெளிந்து முழு வடிவம் புலப்பட்டது 1969 இல் லம்பேட்டும் மில்லாட்டும் வெளியிட்ட பதிப்பிலேயே.

மனிதர் தோன்றுமுன் தெய்வங்களே மனிதரைப் போல் உழைத்தனர் என்று காவியம் தொடங்குகின்றது. பெருந்தெய்வங்களாகிய அனுன்னாக்கிகள் எழுவர் உழைப்புச் சுமையை இகிகி என்னும் சிறுதெய்வங்களின் தோளில் ஏற்றினர். இகிகிகள் தைகிரிஸ், யூபிறட்டீஸ் ஆறுகளின் படுகைகளைத் தோண்டினர்; வாய்க்கால் வெட்டினர்; இரவும் பகலும் துயருற்றனர். ஒருநாள் மண்வெட்டிகளையும் கூடைகளையும் தீயிலிட்டு, நள்ளிரவில் என்லிலின் வாயிலைச் சூழ்ந்துகொண்டனர். போரைத் தொடக்கியவன் யார் என்று என்லில் தூதனை அனுப்பிக் கேட்கின்றான். தனியொருவனைக் காட்டிக்கொடாது, நாம் எல்லோரும் சேர்ந்தே தொடக்கினோம் என்று அவர்கள் விடையிறுக்கின்றனர். என்லில் கண்ணீர் விடுகின்றான். அவர்களின் குறை நியாயமானது என்று அவையில் எடுத்துரைக்கப்படுகின்றது. சுமையைக் குறைப்பதற்குப் பதிலாக, அதனைச் சுமக்க வேறோர் உயிரைப் படைப்பதென முடிவாகின்றது. அறிவுடைய தெய்வம் ஒன்று கொல்லப்பட்டு, அதன் தசையும் குருதியும் களிமண்ணோடு பிசையப்படுகின்றன. தாய்த்தெய்வம் பதினான்கு கட்டிகளாகக் கிள்ளி எடுக்கின்றாள். ஏழு ஆண், ஏழு பெண். கொல்லப்பட்ட தெய்வமே கிளர்ச்சியின் தலைவன் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், பணிசெய்யவென்றே படைக்கப்பட்ட மனிதனுள் ஓடுவது கலகக்காரனின் குருதியாகும். இக்கருவின் ஒரு பகுதி, என்கியும் நின்மாவும் பற்றிய சுமேரியக் கதையிலும் உண்டு. அங்கும் தெய்வங்கள் வாய்க்கால் வெட்டி வண்டலைக் குவித்துத் தம் வாழ்வை நொந்து முறையிடுகின்றன.

இவற்றுள் எவ்விடத்திலும் பொற்சுரங்கம் இல்லை. உள்ளது வாய்க்கால். தென் மெசொப்பொத்தேமியாவிற் பொன்னும் இல்லை, கல்லும் இல்லை, நல்ல மரமும் இல்லை. மண்ணும் நீரும் நாணலுமே அந்நாட்டின் முதல். மழை மிகக் குறைந்த அச்சமநிலத்தில் ஆற்றுநீரை வயலுக்குத் திருப்பினாலன்றி வாற்கோதுமை விளையாது. திருப்பிய வாய்க்காலோ ஆண்டுதோறும் வண்டலால் தூர்ந்துவிடும். வெட்டிய மண்ணை மீண்டும் வெட்டி, கூடையில் அள்ளிக் கரையேற்றுவது முடிவில்லாத வேலை. 'துப்சிக்கு' என்னும் அக்காடியச் சொல் மண்ணும் செங்கல்லும் சுமக்கும் கூடையையும் கட்டாய ஊழியத்தையும் ஒருங்கே குறித்தது மனங்கொள்ளத்தக்கது. எமது கல்வெட்டுக்கள் 'வெட்டி' எனக் குறிக்கும் கூலியில்லா உழைப்பு அவர்களுக்குக் கூடையின் வடிவிலேயே தோற்றியது. லகாஷ் மன்னன் ஊர்-நன்சே (ஏறத்தாழ கி.மு. 2500) தலையிற் கூடை சுமந்து நிற்பதாகச் செதுக்கப்பட்ட சுண்ணக்கற் பலகை பாரிஸ் லூவர் நூதனசாலையில் உள்ளது. கோயிற் கட்டட விழாவில் மன்னன் ஒரு கூடை சுமந்தான்; அது கல்லிற் பொறிக்கப்பட்டது. எஞ்சிய கூடைகளைச் சுமந்தோர் கல்லில் இடம்பெற்றிலர்.

ஆனால் அவர்கள் கணக்கேடுகளில் இடம்பெற்றனர். கிர்சு நகரில் அரசியின் இல்லம் எனவும் பாவு தெய்வத்தின் இல்லம் எனவும் வழங்கிய பெருநிறுவனத்தின் ஏடுகள், கி.மு. இருபத்துநான்காம் நூற்றாண்டைச் சார்ந்தவை, 1,500 இற்கும் மேல் கிடைத்துள்ளன. நெசவுப் பெண்கள், பன்றி மேய்ப்போர், மதுவடிப்போர், மீன்பிடிப்போர் எனப் பெயர் பெயராக, இன்னாருக்கு இத்தனை அளவை வாற்கோதுமை என அவை விரிகின்றன. அடுத்து வந்த மூன்றாம் ஊர் மரபின் காலத்தில் (கி.மு. 2112–2004) இக்கணக்கு உச்சநிலையை எய்திற்று. வளர்ந்த ஆணுக்குத் திங்களுக்கு 60 சிலா, பெண்ணுக்கு 30 சிலா வாற்கோதுமை. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லீற்றர். வாய்க்கால் வெட்டும் ஒருவர் நாளொன்றுக்கு அகழவேண்டிய மண் ஏறத்தாழ மூன்று கன மீற்றர் என அளவு வகுக்கப்பட்டிருந்தது. வேலைநாட்கள் கணக்கிடப்பட்டு, குறைவுபட்ட உழைப்பு மேற்பார்வையாளன் பெயரிற் கடனாக அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சட்டென்று இறந்துபோன மேற்பார்வையாளனின் கடன் அவன் குடும்பத்தைத் தொடர்ந்தது.

இவ்வேடுகளை முதலில் விரிவாக ஆராய்ந்த அன்ரன் டைமல், நிலமனைத்தும் தெய்வத்திற்கே உரியதாயிருந்த 'கோயில் அரசு' ஒன்றை 1931 இல் உருவகித்தார். சோவியத் அறிஞர் தியாகொனொவ் 1959 இலும், அமெரிக்காவிற் பணியாற்றிய கெல்ப் பத்தாண்டின் பின்னரும், கோயில் நிலங்களுக்கு அப்பால் குடும்பங்களும் குழுக்களும் வைத்திருந்த நிலமும் பெரிதாயிருந்தது எனக் காட்டி அதனைத் திருத்தினர். விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. எமது பொருளுக்கு வேண்டியது ஒன்றே: கோயில் என்பது தெய்வத்தின் 'இல்லம்', தெய்வம் அதன் எசமான், அவருக்கு நிலமும் மந்தையும் களஞ்சியமும் ஏவலரும் உண்டு. நாள்தோறும் அவருக்கு உணவு படைக்கப்பட்டது. உழைப்பின் பயன் யாரிடம் சேர்கின்றது என்ற வினாவுக்கு, 'தெய்வத்திடம்' என்பதே அச்சமுதாயம் அளித்த விடை.

இப்பின்னணியில் அத்ராகாசிஸ் காவியத்தின் பொருள் தெளிவாகும். அதனை உழைப்பாளரின் குரல் எனக் கொள்வது மிகையாகும். அது எழுத்தறிந்த சிறுதொகையினரின் ஆக்கம். மனிதன் பிறந்ததே தெய்வத்தின் சுமையைச் சுமப்பதற்கு என்று கூறுவதன்மூலம், கட்டாய ஊழியத்தைப் படைப்பின் நியதியாக்குகின்றது. ஆயினும் அதனை நியாயப்படுத்த முனைந்த புலவன், தெய்வங்களாலேயே தாங்க முடியாதது அவ்வுழைப்பு என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவனாயினான். கருவிகளை எரித்தல், கூட்டாக வாயிலை முற்றுகையிடல், தலைவனைக் காட்டிக்கொடாமை ஆகியவற்றை வெறுங் கற்பனையில் அவன் கண்டிருப்பான் என நாம் எண்ணவில்லை. எகிப்தில் மூன்றாம் இராம்சேசின் ஆட்சியிற் கல்லறைத் தொழிலாளர் உணவுப்படி கேட்டு வேலையை நிறுத்தியதே வரலாற்றேடுகளிற் பதிவான முதலாவது வேலைநிறுத்தம் என்பர். அதற்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு முன்னரே பாபிலோனியப் புராணம் அதனை அறிந்திருந்தது.

சிற்சின் செய்தது யாது? வாய்க்காலைப் பொற்சுரங்கமாக்கினார். ஏவிய பெருந்தெய்வங்களின் பெயரை ஏவப்பட்டோர்க்கும் சூட்டி, காவியம் பேணிய மேல் கீழ் வேறுபாட்டை மங்கவைத்தார். தெய்வங்களின் முகத்திலே தம் முகத்தைக் கண்டு மக்கள் எழுதியதை, வேற்றுலகத்தாரின் நாட்குறிப்பாக வாசித்தார். பண்டைப் பூசகர் வாய்க்கால்களைத் தெய்வங்களின் செயலாகப் பாடியபோது, வெட்டிய கைகள் ஒருமுறை மறைக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அவை மீண்டும் மறைக்கப்பட்டுள்ளன. இம்முறை களஞ்சியத்துக் கணக்கேடுகள் கையிலிருந்தும் மறைக்கப்பட்டமையே கொடிது.

ஆபிரிக்கா பற்றியும் ஒரு சொல். சிம்பாப்வேயின் பெருங் கற்கோட்டைகளை ஆபிரிக்கர் கட்டியிருக்கவியலாது என்று குடியேற்றவாதிகள் நெடுங்காலம் சாதித்தனர். 1929 இல் கேட்றூட் கேட்டன்-தொம்சனின் அகழ்வு ஐயத்திற்கிடமின்றி எதிர்மாறாகக் காட்டிய பின்னரும், வெள்ளையர் ஆட்சி நிலவிய றொடீசியாவில் அவ்வுண்மையைச் சொல்லத் தடைகள் இருந்தன. விண்வெளி மாந்தரின் சுரங்கங்கள் அதே தென் ஆபிரிக்க நிலத்தில் வைக்கப்பட்டமை தற்செயலாக இருக்கலாம். அங்கே உண்மையில் மிகப் பழைய சுரங்கம் ஒன்று உண்டு: இன்றைய எசுவாத்தினியில் உள்ள நிக்வென்யா. ஏறத்தாழ நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு மக்கள் கற்கருவிகளால் அகழ்ந்தெடுத்தது பொன்னையன்று. பூசுவதற்கும் வரைவதற்கும் வேண்டிய செங்காவியை.

மீண்டும் சுமேரியத்திற்கு வருவோம். எழுத்து முதன்முதலில் தோன்றிய உருக் நகரில், கி.மு. நான்காம் ஆயிரவாண்டின் இறுதியைச் சார்ந்த ஏடுகள் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. அவற்றுட் புராணம் எதுவும் இல்லை. மிகப் பெரும்பாலானவை பண்டங்களும் ஆட்களும் பற்றிய கணக்குகள்; எஞ்சியவை எழுத்தர் பயில்வதற்கான சொற்பட்டியல்கள். அதே படைகளில், அச்சில் அழுத்திச் செய்த சரிந்த விளிம்புடைய முரட்டு மண்கிண்ணங்கள் எண்ணற்றுக் குவிந்துள்ளன. உழைத்தோர்க்கு உணவு அளந்து கொடுத்த கலங்கள் இவை என்பது பலரின் கருத்து. மனிதத் தலையொன்றின் வாயருகே இக்கிண்ணத்தை வரைந்தால் அது 'உண்ணல்' என்னும் குறியாகும். பெண் என்னும் குறியோடு மலை என்னும் குறியைச் சேர்த்தால் அது 'அடிமைப்பெண்' என்னும் குறியாகும். நகரைச் சூழ்ந்த சமவெளிக்கு அப்பால், கிழக்கிலும் வடக்கிலுமுள்ள மலைநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டோர் அவர்கள். எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை அக்குறியின் முன்னே எழுத்தர் குழித்துவைத்துள்ளனர்.